மாடி போர்ஷனும் இரண்டே கால் கோடியும்

2025 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு ஓனரான கீழ் வீட்டு டீச்சர் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் கீழ வந்துட்டுப் போறீங்களா?" என்று குரல் கொடுத்தார். மேட்டூர்த் தண்ணீர் வந்து தொட்டி வழிகிறது போல, வால்வை மூடச் சொல்கிறார் என்று நினைத்து லுங்கியோடு இறங்கிப் போனேன். ஹாலில் டீச்சரைச் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். லுங்கியோடு வந்திருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த வீடு என்ன பெறும்? எட்டு வருஷமாக யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்து நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்விதான் அது. அன்றைக்கு மட்டும் வாய் எழவில்லை. கடைசியில் ஏதோ சொன்னேன். சொன்னது சரியா என்று இன்னும் மனது அடங்கவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு நான் குடியிருக்கும் பேர்லேண்ட்ஸைப் பற்றி விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, ஊரில் வசதியானவர்கள் இருக்கும் பகுதி. "எங்க இருக்கீங்க?" என்று கேட்பவரிடம் பேர்லேண்ட்ஸ் என்றால் குரலில் ஒரு மரியாதை ஏறும். அடுத்து "சொந்த வீடுங்களா?" என்று கேட்பார். "இல்லைங்க, வாடகை" என்றதும் ஏறின மரியாதை வந்த வழியே இறங்கிவிடும். நான் அம்மாப்பேட்டையில் தறிக்குழி இருந்த வீட்டில் பிறந்தவன். என் மனைவி இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நைட் ஷிஃப்ட் முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதற்காக 2017-இல் இந்த மாடி போர்ஷனுக்கு வந்தோம். எனக்கு நாலு ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. புது பஸ் ஸ்டாண்டும் பக்கம், சாரதா காலேஜ் ரோட்டுக் கடைகளும் பக்கம், அவசரத்துக்கு டாக்டர் வேண்டுமென்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் இருப்பார். வாடகை அப்போது 14,000. இவ்வளவு சௌகரியத்துக்கு இந்த வாடகை அதிகம் என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதே தெருவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்குவது பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

டைரியின் கடைசிப் பக்கம்

டீச்சர் வீட்டைத் தேடி மாதத்துக்கு ஒரு புரோக்கராவது வருவார். அவருக்கு எழுபத்தைந்து வயதாகிறது, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் வெளியூரில். புரோக்கர்களுக்கு இதெல்லாம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஒரு முறை டீச்சர் கோயிலுக்குப் போயிருந்தபோது வந்தவரிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். 40-க்கு 60 மனை, 2,400 சதுர அடி. "சதுர அடி 9,500 ரூபாய்க்கு நானே பார்ட்டி கொண்டு வர்றேங்க" என்றார். "கட்டடத்துக்கு?" என்று கேட்டேன். "பில்டிங்குக்கு ஒண்ணும் கிடையாதுங்க, இடத்துக்கு மட்டும்தான். இடிக்கிற செலவைக்கூட பார்ட்டி கழிப்பாரு" என்றார். நான் குடியிருக்கும் மாடி, டீச்சரின் சிவப்பு ஆக்சைடு தரை, அவர் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்கு ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து சைபருக்கும் கீழே. என் குடித்தனத்தையே கழிவு என்று எழுதிவிட்டுப் போனார் மனிதர்.

அன்று ராத்திரி டைரியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 2,400 அடியை 9,500-ஆல் பெருக்கினால் 2 கோடியே 28 லட்சம். கீழே 16,000, மேலே 14,000 என்று இரண்டு போர்ஷனையும் வாடகைக்கு விட்டால் மாதம் 30,000, வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். போட்ட பணத்துக்கு 1.6 சதவீதம்கூட வரவில்லை. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் இதற்குள்தான். அதே பணத்தை பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 1 லட்சத்து 33 ஆயிரம் வரும். அதில் இந்த வீட்டின் இரண்டு போர்ஷனுக்கும் வாடகை கொடுத்துவிட்டு மிச்சம் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கலாம். கடன் வாங்கி வாங்குவதென்றால் இன்னும் வேடிக்கை. 80 சதவீதம் கடன், எட்டரை வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை 1 லட்சத்து 58 ஆயிரம். அதாவது மாதம் 30,000 கொடுத்துக் குடியிருக்கக்கூடிய வீட்டுக்கு, கையிலிருந்து 45 லட்சத்தையும் போட்டுவிட்டு, ஐந்து மடங்கு தவணை கட்ட வேண்டும். பத்திரச் செலவு தனி. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். முழு மதிப்புக்கும் எழுதினால் 20 லட்சத்துக்கு மேல் அரசாங்கத்துக்கே போய்விடும். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. நல்ல திட்டம்தான். புரோக்கர் சொன்ன விலைக்கு, எங்கள் தெருவில் 10 லட்சத்துக்கு 105 சதுர அடி கிடைக்கும். ஒரு பாத்ரூம் கட்டி, அதற்கு முன்னால் ஒரு திண்ணையும் வைக்கலாம்.

வாடகையை வைத்துத் திருப்பிப் போட்டால் என்ன விலை வரும் என்றும் பார்த்தேன். வருஷம் 3,60,000 வருமானம் தரும் ஒரு பொருளுக்கு 7 சதவீதம் எதிர்பார்க்கிறவன் என்ன கொடுப்பான்? 51 லட்சம். அதை இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டு வைத்தேன். ஆபீஸில், டீக்கடையில், சொந்தக்காரர் கல்யாணத்தில், எங்கே பேர்லேண்ட்ஸ் பேச்சு வந்தாலும் "அந்த வீட்டோட உண்மையான மதிப்பு 51 லட்சம்தாங்க" என்று சொல்வேன். பொங்கலுக்கு வந்திருந்த டீச்சரின் மகனிடம்கூட மொட்டை மாடியில் நின்று அரை மணி நேரம் இந்தக் கணக்கை விளக்கினேன். அந்த அரை மணி நேரம் எனக்கு இவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்திருந்தால் பேசாமல் காற்றாடி விட்டிருப்பேன்.

"இடம் ஏறுமே, அதை விட்டுட்டீங்களே" என்று எல்லோரும் கேட்பார்கள். விடவில்லை. டீச்சர் ஒரு நாள் மூலப்பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது படித்துப் பார்த்தேன். 1979-இல் இந்த மனையை அவர் வீட்டுக்காரர் 36,000 ரூபாய்க்குக் கிரயம் வாங்கியிருக்கிறார். சதுர அடி 15 ரூபாய். 46 வருஷத்தில் 633 மடங்கு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பானால்தான் இந்த எண் வரும். இதைக் காட்டித்தான் புரோக்கர்கள் விற்கிறார்கள், இதை நம்பித்தான் வாங்குகிறவர்களும் வாங்குகிறார்கள். சரி, இதே வேகத்தில் அடுத்த இருபது வருஷமும் போகட்டும். நாலு தடவை இரட்டிப்பு, 16 மடங்கு. 40-க்கு 60 மனை 36 கோடிக்கு மேல் ஆகும். அன்றைக்கு சேலத்தில் யார் என்ன சம்பாதித்து அதை வாங்குவார்? 15 ரூபாய்க்கு வாங்கியபோது இந்தப் பக்கம் ராத்திரி நரி ஊளையிடுமாம், டீச்சர் சொல்வார். நரி ஊளையிட்ட இடம் ஊரின் நடுவாக மாறியது ஒரு முறைதான் நடக்கும். வேகம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. 2016-இல் இதே தெருவில் ஒரு மனைக்கு 6,000 சொன்னார்கள். இப்போது 9,500. ஒன்பது வருஷத்தில் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் சொச்சம். பேங்கே தேவலை. ஆனால் யாரும் இந்த ஒன்பது வருஷத்தைப் பார்ப்பதில்லை, அந்த 1979-ஐத்தான் பார்க்கிறார்கள்.

இறங்காத விலை

அப்படியானால் விலை ஏன் இறங்கவில்லை? எனக்குத் தெரிந்து 2016-இல் ஒரு வாய்ப்பு வந்தது. செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. இடத்துக்குப் பாதிப் பணத்தை நோட்டாகவே எண்ணிக் கொடுத்துப் பழகிய ஊரில், இனி விலை பாதியாகும் என்று எங்கள் ஆபீஸே காத்திருந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கம், ஓமலூர் பக்கம் கொடி கட்டிக் கல் நட்டிருந்த மனைகளெல்லாம் படுத்துவிட்டன. பேர்லேண்ட்ஸில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. விற்பனைதான் நின்றது, விலை இறங்கவில்லை. காய்கறியாக இருந்தால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். மனை வாடாது. "போகலைன்னா கிடக்கட்டும்" என்று சொல்ல முடிகிறவர்களிடம்தான் இந்த இடமெல்லாம் இருக்கிறது. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை நடத்துபவர், சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு வரை போர்வெல் வண்டி ஓட்டுபவர். இவர்களுக்கெல்லாம் தொழிலில் வந்த பணத்தை ஓர் இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். ஜவ்வரிசி விலை படுத்தாலும், லாரிக்கு லோடு இல்லாவிட்டாலும் அது அங்கேயே இருக்க வேண்டும். வாடகை வருகிறதா இல்லையா என்பது அவர்கள் பிரச்சினையே இல்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு வருஷக் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். லாக்கருக்கு யாராவது வாடகை வசூலிப்பார்களா?

இதில் இன்னொரு விலையும் உண்டு. முத்திரைத்தாள் கணக்குக்காகப் பதிவுத்துறை தெருத் தெருவாகப் போட்டு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. எங்கள் ஆபீஸில் நான் தினமும் புரளும் குட்டை அதுதான். 2017-இல் மாநிலம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் குறைத்ததைத் திரும்ப ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். அது கோர்ட்டுக்குப் போய், 2024 ஜூலையிலிருந்து மறுபடி புது மதிப்பு. இந்த ஏற்ற இறக்கத்தால் புரோக்கர் சொல்லும் விலை ஒரு ரூபாய் அசைந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் தெருவுக்கு இப்போதைய வழிகாட்டி மதிப்பு சுமார் 5,000, வெளிவிலையில் பாதிக்குச் சற்று மேல். பத்திரத்தில் பெரும்பாலும் இந்த மதிப்பைத்தான் எழுதுவார்கள், பேங்கும் அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். மிச்சத்தை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவன்தான் இங்கே வாங்க முடியும். சம்பளக்காரன் வாசலிலேயே கழன்றுகொள்கிறான்.

பேர்லேண்ட்ஸ் ஆசை தீராதவர்கள் ஏற்காட்டுக்கு ஏறுவதும் உண்டு. ஆபீஸ் நண்பர் ஒருவர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், பனிமூட்டத்தில் ஒரு சரிவைக் காட்டினார்கள் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். மலைப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. பனி விலகின பிறகு போய்ப் பார்த்தால் அந்தச் சரிவில் ஆடுகூட நிற்காது. அது வேறு கதை.

ஹாலில் ஐந்து பேர்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. ஈஸிசேரில் டீச்சரின் தம்பி, எல்லோருக்கும் மாமா. சோபாவில் ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள், பக்கத்தில் மாப்பிள்ளை. எதிரே பெங்களூருவிலிருந்து வந்திருந்த மகன், மடியில் லேப்டாப். டீச்சர் மட்டும் சமையலறை வாசலில் மோடா போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். உட்காரச் சொன்னார்கள். லுங்கியை ஒதுக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். டீச்சரின் வீட்டுக்காரர் உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய சொத்து. இதற்கு 1989-இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தமோ 2005-இல் டெல்லியில் கொண்டுவந்த திருத்தமோகூட வேண்டாம், அவை பூர்வீகச் சொத்துக்கு. 1956 வாரிசுச் சட்டப்படியே மனைவி, மகள், மகன் மூவருக்கும் சம பங்கு. இதில் யாருக்கும் தகராறு இல்லை. "சீரெல்லாம் செஞ்சு அனுப்பின பொண்ணுக்கு எதுக்கு" என்று மாமா மட்டும் ஒரு முறை ஆரம்பித்தாராம், டீச்சர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாராம். வீட்டை வெளியில் விற்பதில்லை, மகன் எடுத்துக்கொள்வது, அக்காவுக்கு அவள் பங்கைப் பணமாகக் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. தன் பங்கைப் பற்றி டீச்சர், "அதை அப்புறம் பேசிக்கலாம், நான் இருக்கிற வரைக்கும் கீழ் வீட்டுல நான்தான்" என்று சொல்லிவிட்டார். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தாள் 40,000, பதிவுக் கட்டணம் 10,000 என்று உச்சவரம்பு உண்டு, அதனால் அரசாங்கச் செலவும் பெரிதில்லை. எல்லாம் சரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் எதில் மூன்றில் ஒரு பங்கு?

மகன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "சார், கவர்மென்ட்டே இதுதான் மதிப்புன்னு போட்டிருக்கு. அடி 5,000. மொத்தம் 1 கோடி 20. அக்காவுக்கு 40 லட்சம்." மகள் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். "போன சித்திரையில மூணாவது வீடு 9,500-க்குப் போயிருக்கு. 2 கோடி 28. என் பங்கு 76 லட்சம்" என்றாள். குரல் உயரவில்லை. வித்தியாசம் 36 லட்சம். "அது பார்ட்டி ஏமாந்து வாங்கினது. நீங்களே சொல்லுங்க சார்" என்று மகன் என் பக்கம் திரும்பினான். "இங்க விலையெல்லாம் சும்மா ஊதி வச்சிருக்காங்கன்னு பொங்கலப்போ கணக்குப் போட்டுக் காட்டினீங்களே. அதை இவங்களுக்கும் சொல்லுங்க." மாமா ஈஸிசேரில் நிமிர்ந்தார். டீச்சர், "நீங்கதான் தம்பி வெளியாளு. உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். சொல்லுங்க, இந்த வீடு என்ன பெறும்?" என்றார்.

என் 51 லட்சம் நாக்கின் நுனியில் இருந்தது. எட்டு வருஷமாக மெருகேற்றிய கணக்கு. அதில் ஒரு தப்பும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் அதை மூன்றால் வகுத்துப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. 17 லட்சம். அந்தப் பெண்ணின் கையில் நான் 17 லட்சத்தை வைத்து, இதுதாம்மா உங்கப்பா வீட்டோட உண்மையான மதிப்பு என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷமாக வியாபாரம் படுத்திருக்கிறது என்று என் மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். டீக்கடையில் நான் 51 லட்சம் என்று முழங்கும்போது எதிரே பணம் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் விலையை உடைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. விலையை உடைத்தால் அந்த நோட்டுப் புத்தகமும் உடையும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

கடைசியில் சொன்னேன். "நான் வாங்கறதா இருந்தா, டீச்சர், இந்த 9,500-க்கு வாங்க மாட்டேன்." மகன் சிரித்தான். "ஆனா நீங்க விக்கறதா இருந்தா, அதுக்குக் கீழ குடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன்." மாமா, "இதென்னங்க, வில்லங்கச் சான்று மாதிரி ரெண்டு பக்கமும் எழுதறீங்க" என்றார். மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் நழுவல் என்பது எனக்கே தெரிந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மகள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "சரிடா. 5,000தான் நியாயமான விலைன்னு நீ சொல்றே. அந்த விலைக்கே நான் எடுத்துக்கறேன். உனக்கு 40 லட்சம். நகையை வச்சோ கடனை வாங்கியோ ஆவணிக்குள்ள செட்டில் பண்றேன். நீ கையெழுத்துப் போடறியா?" என்றாள்.

ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. மகன் லேப்டாப்பைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "அது எப்படிக்கா... எனக்கு ஊர்ல ஒரு வீடு வேணாமா" என்றான். "அப்போ 9,500-க்கு நீயே எடுத்துக்க" என்றாள். அவன் பேசவில்லை. டீச்சர் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மோடாவிலிருந்து எழுந்துகொண்டே, "அவ போட்ட வழி சரியா இருக்குடா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில், பெரியவன் பங்கு வைத்தால் சின்னவன் முதலில் எடுப்பான் என்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாததால் வைக்கிறவன் நியாயமாக வைப்பான். காடு தோட்டத்தில் அது நடக்கும், ஒரே வீட்டில் எப்படி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நீ சொல்கிற விலைக்கு நீ கொடுப்பாயா, எடுப்பாயா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் அது விலை. மகனின் 5,000 எடுப்பதற்கு மட்டும் ஆனது. என் 51 லட்சமும் அப்படித்தான். யாராவது இந்த வீட்டை 51 லட்சத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னால் நான் லுங்கியோடேயே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு ஓடியிருப்பேன்.

மாடியில்

மேலே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ உங்க கணக்கு தப்புன்னு ஒத்துக்கறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். இப்போதும் சொல்கிறேன், குடியிருக்க வீடு வேண்டும் என்பவனுக்கு இந்த விலை அதிகம், ரொம்பவே அதிகம். இங்கே வாழ்வதற்கு என்ன பெறும் என்பதை வாடகை சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் 1979 மறுபடி வரும் என்ற நம்பிக்கைக்கும் பணத்தைப் பூட்டி வைப்பதற்கும்தான். அந்த அக்கா கேட்ட கேள்வியையே என்னிடம் கேட்டாலும், வீடு என்னுடையதாக இருந்தால் நாளைக்கே 9,500-க்கு விற்றுவிட்டு, பணத்தை பேங்கில் போட்டு, வாங்கினவரிடமே இந்த மாடியை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன் என்றேன்.

"விப்பீங்க?" என்றாள். "அம்மாப்பேட்டை வீட்டை?"

அம்மாப்பேட்டையில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு இரண்டு வருஷம் முன்பு 40 லட்சம் கேட்டு ஆள் வந்தது உண்மைதான். கொடுக்கவில்லை. தறிக்குழியை மூடி சிமென்ட் பூசி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாதம் 4,500. அவள் டைரியை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் என் கணக்குக்குக் கீழேயே போட்டுக் காட்டினாள். 1.35 சதவீதம். டீச்சர் வீட்டைவிட மோசம். அந்த வீடு வேறு, அதில் அப்பா நெய்தார் என்று ஏதோ ஆரம்பித்தேன். "டீச்சர் வீட்டுக்காரர் தேக்கு ஜன்னல் போட்டார்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வீட்டையும் விற்கவில்லை.

கீழே இரண்டு வாரம் போனில் பேச்சு நடந்தது. கடைசியில் அடி 8,000 என்று முடித்தார்கள். அக்கா பங்கு 64 லட்சம், பாதி உடனே, மீதி இரண்டு வருஷத்தில். ஆவணி மாதம் விடுதலைப் பத்திரம் பதிவானது. சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள், பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். பதிவு முடிந்து வெளியே வந்ததும் அந்த அக்கா, "நீங்க அன்னைக்கு நல்லாத்தான் சொன்னீங்கண்ணா" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மகன் மாடிக்கு வந்தான். காபி கொடுத்தோம். பேங்கில் பெரிய கடனாகப் போட்டிருக்கிறானாம், தவணை கழுத்தைப் பிடிக்கிறதாம். சுற்றி வளைத்துவிட்டு, "சார், வாடகையைக் கொஞ்சம் பார்த்துப் பண்ணணும்" என்றான். எவ்வளவு என்று கேட்டேன். "14,500 ஆக்கிக்கலாமா?"

அக்காவுக்கு 64 லட்சம் கொடுப்பவன் என்னிடம் 500 ரூபாய் கேட்டுக் கூச்சத்தோடு நின்றான். "தம்பி, இந்த ஏரியாவுக்கு அது ரொம்ப ஜாஸ்திங்க" என்றேன். பதினைந்து நிமிஷம் பேசி 14,300-க்கு முடித்தோம்.